உப்புப் போட்ட மழைச்சோறு

அந்த ஏரிக்கரை நகரத்தில் மழை பெய்தால் விருந்தாளியிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். ரயில் நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்த, விழாக்குழுவைச் சேர்ந்த ஆனெலியின் கையில் இரண்டு குடைகள். ஒன்றை என்னிடம் நீட்டி, "இப்படிப்பட்ட நாளிலா நீங்கள் வந்து சேர வேண்டும், எனக்கே வெட்கமாக இருக்கிறது" என்றாள். நான் அருப்புக்கோட்டைக்காரி. என் வாழ்நாளில் மழைக்காக யாரும் என்னிடம் வருத்தம் தெரிவித்ததில்லை. குடையை விரிக்காமலே நடந்தேன். அவள் அதைப் பயணக் களைப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

நான் போனது ஓர் ஆண்டைக் கொண்டாட. ஆளுக்கு விழா எடுப்பார்கள், புத்தகத்துக்கு எடுப்பார்கள். இவர்கள் ஆண்டுக்கே எடுக்கிறார்கள். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறு. அதற்கு முந்தைய ஆண்டு கிழக்கே ஒரு தீவில் எரிமலை வெடித்து, அதன் சாம்பல் வானத்தை மூடியதில் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. ஓயாத மழை, குளிர். அந்த ஏரிக்கரைக்கு உல்லாசமாக வந்திருந்த சில இளம் எழுத்தாளர்கள் வெளியே போக வழியில்லாமல் ஒரு வீட்டுக்குள் அடைபட்டு, கணப்பைச் சுற்றி உட்கார்ந்து பேய்க்கதை சொல்லிப் பொழுதைப் போக்கினார்கள். அந்தப் பொழுதுபோக்கில் பிறந்தவற்றை உலகம் இன்னும் படிக்கிறது. நானும் சென்னையில் ஒரு கல்லூரியில் வருடக்கணக்காக அதைப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறேன். கோடையில்லாத ஆண்டு இலக்கியத்துக்கு எப்படி உரமானது என்று ஒரு கேள்வி தேர்வில் தவறாமல் வரும். பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

விழா மண்டபத்தில் கண்காட்சி வைத்திருந்தார்கள். அந்த ஆண்டின் பேனா, மைக்கூடு, சால்வை எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் மெத்தென்று கிடந்தன. கடைசி அறையில், கழிப்பறைக்குப் போகும் வழியில், ஒரு சிறிய படம் மாட்டியிருந்தது. அதே ஆண்டு, அதே நாடு. பயிர் அழுகிப்போன வயலில் குடியானவர்கள் மண்டியிட்டுப் புல்லைப் பிடுங்கித் தின்கிறார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் தன் கணவரிடம், "பாவம், இதெல்லாம் நமக்குச் சொல்லவே இல்லையே" என்றாள். அவர், "கீழே காப்பி தருகிறார்களாம்" என்றார். இருவரும் இறங்கிப் போனார்கள். மழைக்கு ஒதுங்க வீடும் எரிக்க விறகும் இருந்தவர்களுக்குக் கதை கிடைத்தது, மற்றவர்களுக்குப் புல். இதை நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

மதியம் ஆனெலி வீட்டில் சாப்பாடு. உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டித் துண்டை நீளக் கம்பியில் குத்தி முக்கி எடுத்துத் தின்ன வேண்டும். ரொட்டி உள்ளே விழுந்துவிட்டால் தோற்றவராம். நான் மூன்று தடவை தோற்றேன். "உங்கள் ஊரில் மழை பொய்த்த ஆண்டில் என்ன எழுதுவார்கள்?" என்று கேட்டாள். "எழுத மாட்டார்கள், அழுவார்கள்" என்றேன்.

பிறகு மழைச்சோறு பற்றிச் சொன்னேன். மழை பொய்த்துவிட்டால் பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறு வாங்கிச் சேர்ப்பார்கள். ஊர்ப் பொதுவெளியான மந்தையில் வெறும் தரையில் உட்கார்ந்து அதைத் தின்று வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பார்கள். இந்த ஊரில் இனி எங்களுக்கு என்ன இருக்கிறது என்று தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஊர் எல்லைக்கல்லை நோக்கி நடப்பார்கள். ஊர் ஆண்கள் பின்னாலேயே ஓடி, மழை வரும், வாங்க தாயி என்று கெஞ்சித் திரும்ப அழைத்துவருவார்கள். ஆனெலி கம்பியைக் கீழே வைத்துவிட்டாள். தான் ஆவணப்படம் எடுப்பவள் என்றும் அடுத்த ஆண்டு விழாவில் அந்த அழுகையை இதே மண்டபத்தில் படமாகக் காட்ட வேண்டும் என்றும் சொன்னாள். எங்கள் ஊர் அழுகைக்கு ஐரோப்பாவில் இடம் கிடைக்கிறதே என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

அவள் மாசி மாதம் வந்தாள். முதல் நாள் விருதுநகரில் இறங்கி அருப்புக்கோட்டை பஸ் ஏறினோம். வழியில், குமாரலிங்கபுரம் பக்கம் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று கை காட்டினேன். பூங்கா என்றதும் எட்டிப் பார்த்துப் பூச்செடியைத் தேடினாள். சீமைக்கருவேலம் மட்டும் தெரிந்தது. அதையும் படம் எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து கருப்பட்டி போட்டுக் காய்ச்சியது என்று விளக்கினேன். "துணி நெய்கிற செடியைக் குடிக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டு இரண்டு டம்ளர் குடித்தாள். வண்டிக்காரர், "வெள்ளைக்காரம்மாவுக்கு சுக்கு தூக்கலாப் போட்டுருக்கேன், சளி புடிக்காது" என்றார். அண்ணன் வீட்டில் தங்கினோம். அண்ணனுக்கு டவுனில் மிளகாய் வத்தல் கடை.

இரண்டாம் நாள் கிராமத்துக்குப் போனோம். எம்.ரெட்டியபட்டியைத் தாண்டி, திருச்சுழி பக்கம் ஒரு ஊர். பெயரை எழுத மாட்டேன். அந்த ஊருக்குச் செய்தது போதும். போகிற வழியில் ஷேர் ஆட்டோவின் டயர் வெடித்தது. டிரைவர் இறங்கிப் பார்த்து, "ஸ்டெப்னிய நேத்துதான் மச்சினன் வாங்கிட்டுப் போனான்" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைத்தார். நிழலில்லாத ரோட்டில் நின்றோம். ஆனெலியின் நாட்டில் ரயில் கொஞ்சம் தாமதமானால் ஒலிபெருக்கியில் வருத்தம் தெரிவிப்பார்கள். இங்கே அந்தப் பேச்சே இல்லை. மொபெட்டில் உரமூட்டையோடு வந்த ஒருவர் நிறுத்தி, "எங்க போறீக? படம் எடுக்கவா? இங்க என்னத்த இருக்கு எடுக்க" என்று உண்மையிலேயே அக்கறையாகக் கேட்டார். கேமரா பைகளை மட்டும் அவர் ஏற்றிக்கொண்டார். நாங்கள் நடந்தோம்.

ஊருக்குள் நுழையும்போதே நெடி மூக்கில் ஏறியது. களம், ரோட்டோரம், பள்ளிக்கூடத்துச் சிமெண்ட் தரை, எங்கு பார்த்தாலும் மிளகாய்ப் பழம் காயப் போட்டிருந்தார்கள். ஊர் முழுக்கச் சிவப்பு. ஆனெலி தும்மிக்கொண்டே படம் எடுத்தாள்.

நான் தேடி வந்தது ராக்குவை. திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவளுடைய அப்பா அம்மா கூலிக்குக் களை எடுத்தவர்கள். இவள் குத்தகைக்கு நிலம் பிடித்து மிளகாய் போடுகிறாள். புருஷன் இறந்துவிட்டார். ஒரே மகன் மலேசியாவுக்குப் போனவன், போனும் வருவதில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு என்றாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். மழைச்சோறு எடுத்தாலும் முன்னால் நிற்பது அவள்தான்.

விஷயத்தைச் சொன்னதும், "ஏண்டி சரசு, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள். "ஊரு பூரா வத்தல் களத்துல கெடக்கு. இன்னும் நாலு வெயிலு காஞ்சாத்தான் மூடை கட்ட முடியும். ஒரு தூத்தல் விழுந்தாப் போச்சு, அம்புட்டும் வெளுத்துப் பூசணம் பூத்துரும். இப்பப் போயி மழைய அழுது கூப்புடச் சொல்றியே."

"சும்மா பாவனைக்குத்தான் ராக்கு. படத்துக்கு."

அவளுடைய புருஷனின் அண்ணன் சுப்பையா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊரில் மூத்தவர். எல்லைக்கல் வரை போய்ப் பெண்களைத் திரும்ப அழைத்துவருகிறவர் அவர்தான். "பாவனைக்கு அழுதாலும் அழுகதான் தாயி" என்றார். "மேல இருக்கவனுக்கு இது பாவனைன்னு எப்புடித் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுக்கு வரவில்லை. ஆனெலி இரண்டு கடல் தாண்டி வந்திருக்கிறாள் என்றேன். என் கல்லூரிக்கும் இதில் பேர் வரும் என்றேன். சிநேகிதத்தையும் இழுத்தேன். ராக்கு பழத்தைக் காலால் கிளறிக்கொண்டே யோசித்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "உப்பு போட்டுருவோம்" என்றாள்.

சுப்பையா கண்ணை மூடி ஆராய்ந்தார். வக்கீலே தோற்றுப்போவார். "உப்பு போட்டா அது மழைச்சோறு கெடையாது, வெறுஞ்சோறு. சாமி கணக்குல வராது. சரி, எடுத்துக்கங்க" என்றார். கூடியிருந்த பெண்களுக்கும் மனசு லேசானது. "நல்லா ஒரு கை அள்ளிப் போடுங்கத்தா" என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ஆனெலி அந்தச் சிரிப்பையும் படம் பிடித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் சோறு எடுத்தார்கள். பானையோடு வீடு வீடாகப் போனார்கள், மந்தையில் உட்கார்ந்தார்கள், மாரில் அடித்துக்கொண்டு பாடினார்கள். எனக்கு நன்றாகவே இருந்தது. நடுவில் ஒரு பெண், வீட்டுக்கு வந்தவளை விட்டுவிட்டுத் தின்பது முறையில்லை என்று ஆனெலியின் கையிலும் ஒரு உருண்டை வைத்தாள். ஆனெலி தின்றாள், என்னைப் பார்த்தாள். "உப்பு இருக்கிறதே" என்றாள்.

"இந்தப் பக்கத்துத் தண்ணீரே உப்புத்தான்" என்றேன். அது பொய்யும் இல்லை. ஆனால் ஆனெலி விடுகிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துப் பார்த்தாள். அது கேன் தண்ணீர். தித்தித்தது.

அவள் கோபப்படவில்லை. கேமராவை மெதுவாக மூடினாள். "அப்படியானால் நான் எடுத்தது நாடகம். அந்த மண்டபத்தில் நாடகத்தைக் காட்ட முடியாது. பரவாயில்லை, யாரையும் சிரமப்படுத்த வேண்டாம், எல்லோருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்" என்றாள். மரியாதையாகச் சொன்னதுதான் வினையாகிப்போனது.

"என்ன சொல்றாக?" என்றாள் ராக்கு.

நல்லா இருந்துச்சாம் என்று சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். பாடம் நடத்தி நடத்தி எனக்கு மொழிபெயர்ப்பில் சுத்தம் பார்க்கிற வியாதி. "நீங்க அழுதது நடிப்புங்கிறா" என்றேன்.

ராக்கு எழுந்து நின்றாள். சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "இந்த ஊர்ல எந்த எழவுக்கும் நான் பொய்யா அழுததில்ல" என்றாள். "அவுகள நாளைக்கும் இருக்கச் சொல்லு. உப்பில்லாம எடுப்போம்." சுப்பையா என்னமோ சொல்ல வாயெடுத்தார். "வானம் வெளுத்துக் கெடக்கு மாமா. எங்குட்டுப் பெய்யப் போகுது" என்று அடக்கிவிட்டாள். பானையை அவளே கழுவினாள். ஒட்டியிருந்த உப்புச்சோற்றைக் காக்கைக்குப் போட்டாள்.

நான்காம் நாள் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெண்கள் சிரிக்கவில்லை. ராக்கு உப்பில்லாத சோற்றை ஒரு வாய் வைத்தாள், விழுங்க முடியாமல் விழுங்கினாள், பாட ஆரம்பித்தாள். பாட்டு மழையில்தான் தொடங்கியது. போன மேகம் திரும்பலையே என்று பாடியவள், போன மகன் திரும்பலையே என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு யார் எதற்காக அழுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நானும் அழுதேன். எல்லைக்கல்லைத் தாண்டியும் அவள் நடந்துகொண்டே இருந்தாள். சுப்பையா மூச்சு வாங்க ஓடி முன்னால் போய் நின்று, "வா தாயி, மழை வரும், நான் பொறுப்பு" என்று கையைப் பிடித்தார். வழக்கமாகச் சொல்கிற சொல்தான். அன்றைக்கு மந்தை வரும்வரை பிடித்த கையை அவர் விடவில்லை. ஆனெலி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இதற்காகத்தான் வந்தேன்" என்றாள்.

மறுநாள் சென்னைக்குத் திரும்ப அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றோம். காலையிலிருந்தே டீக்கடை டிவியில் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தெரியும். அழுகைக்கும் மழைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பதும் தெரியும். மதியம் தென்கிழக்கே கறுத்தது. கொட்டியது. ஆனெலி கூரைக்கு வெளியே ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டி நின்றாள். "வரவழைத்துவிட்டார்கள்" என்றாள். முகமெல்லாம் ஈரமும் சந்தோஷமும். படத்தின் முடிவு இதுதான், உடனே திரும்பிப் போக வேண்டும் என்றாள்.

போனோம். ஊரே களத்தில் இருந்தது. கிடைத்த தார்ப்பாய், சாக்கு, போர்வை, கட்டியிருந்த சேலை என்று எல்லாவற்றையும் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. பெண்கள் மண்டியிட்டுக் கையால் வாரிக்கொண்டிருந்தார்கள். கழிப்பறை வழியில் மாட்டியிருந்த அந்தப் படத்தில் இப்படித்தான் மண்டியிட்டிருந்தார்கள். ராக்கு தனியாக ஒரு ஓரத்தில் வாரிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் யாரும் இல்லை. என்னைப் பார்த்தாள். நானும் குனிந்து வாரப் போனேன். "கண்ணுல கைய வச்சுராத, எரியும்" என்றாள். அவ்வளவுதான். ஆனெலி கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு எடுத்தாள். சுப்பையா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இன்னும் என்னத்தத் தாயி எடுக்கீக" என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அந்த மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. அடுத்த வாரம் அண்ணன் போனில் பேசினான். "ரெட்டியபட்டிப் பக்கத்து வத்தல் பூரா வெளுத்துல்ல வருது. மசாலாத் தூளுக்குக் கூட ஆகாது" என்றான். வேறு எந்தப் பக்கத்து வத்தல் நனைந்தது என்று கேட்டேன். மாவட்டம் பூராவும்தான் நனைந்தது என்றான். மாவட்டம் முழுவதும் பெய்த மழைக்கு அந்த ஊரில் ஒரே ஒருத்தியின் வாய்தான் காரணமாகிப்போனது. அவளைக் களத்துப் பக்கம் விடவில்லையாம். நிலத்துக்காரர் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டாராம். சேர்ந்து அழுத பெண்களே முதலில் பேச்சை நிறுத்தினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சித்திரையில் புது எண்ணிலிருந்து ராக்கு கூப்பிட்டாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி விடுதியில் சமையல் வேலையாம். பிள்ளைகளுக்கு உப்பு உறைப்பாகச் சமைத்துப் போடுவதாகச் சொன்னாள். நான் என்னென்னமோ சொன்னேன். மழை கடலிலிருந்து வந்தது, உன்னால் இல்லை என்றேன். "எனக்குத் தெரியாதாடி" என்றாள்.

"பையத் தூக்கிட்டு எல்லைக்கல்லு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே வந்தேன் சரசு. சுப்பையா மாமா வாசல்லதான் உக்காந்திருந்தாக. ஒருத்தரும் கூப்புட வரல."



இந்த ஆண்டு விழாவுக்கு நான் மறுபடியும் அந்த ஏரிக்கரைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்க வேண்டும். போனேன். நல்ல வெயில். அதற்காக யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் அதே பேனா, அதே சால்வை. புல் தின்கிறவர்களின் படம் அங்கே இல்லை. எங்கள் படத்துக்குத் திரை கட்ட அந்தச் சுவர் தேவைப்பட்டதாம்.

படம் ஓடியது. சிவந்த களங்கள், பானை, ராக்குவின் முகம் சுவரளவு. என் மொழிபெயர்ப்பு அடியில் வெள்ளை எழுத்தாக ஓடியது. பெண்கள் தலையை விரித்துக்கொண்டு நடக்கிறார்கள். ராக்கு எல்லைக்கல்லைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறாள், அங்கேயே திரை இருண்டுவிட்டது. சுப்பையா ஓடி வரவே இல்லை. களத்தில் வாரியதும் இல்லை. பக்கத்தில் இருந்த ஆனெலியிடம், "அழைத்துவருவது எங்கே?" என்று கேட்டேன். "அதை வைத்துப் பார்த்தேன். இல்லாமல்தான் ஆழமாக இருக்கிறது" என்றாள்.

விளக்குப் போட்டார்கள். என்னை மேடைக்கு அழைத்தார்கள். முன்வரிசையில் ஒரு முதியவர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பெண் அவ்வளவு அழுதாளே, பிறகு மழை வந்ததா?" என்று கேட்டார்.

"வந்தது" என்றேன்.

மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது.